கைக்குத் தெரிந்த வேலையைப் பிடுங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதியோர் இல்லங்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஓர் இல்லத்தைப் பாராட்டும் இடத்தில், அங்கே பெரியவர்கள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 87 வயது. கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் பிறந்து வளர்ந்தவர். மறதி நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடமாகக் குழித்துறைக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். என்னைச் சித்தியின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முதல் வருடம் முழுக்க அங்கே அவரும் துரும்பைக் கிள்ளவில்லை. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, டிவிக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். சுத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் விரல்கள் மட்டும் நேரியதின் (மேலே போடும் துணியின்) ஓரத்தை நாள் முழுக்கப் பிய்த்துக்கொண்டே இருந்தன. பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் சந்தையில் வீட்டுக்கு வாங்கிய மரச்சீனிக் கிழங்குப் (மரவள்ளிக் கிழங்கு) பையோடு நேராக அவரைப் பார்க்கப் போய்விட்டேன். பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கத்திக்குக் கை நீட்டினார். சமையல்கார அக்காவிடம் கத்தி வாங்கி, நானே நெடுக ஒரு கீறல் போட்டுக் கொடுத்தேன். கீறிய இடத்தில் பெருவிரலை நுழைத்து, தொலியைச் சுருளாக உரித்துப் போட்டார். கை நடுங்கவில்லை. நாலு கிழங்கு முடிந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி, "மக்கா, மொத தண்ணியக் கொட்டிக் களயணும்" என்றார். கிழங்கின் கட்டு, அதாவது அதிலுள்ள நச்சு போக, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சிறுவயதிலேயே தெரியும். அம்மா முழுதாக ஒரு பேச்சுப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காலையில் என்ன சாப்பிட்டோம், யார் வந்து போனார்கள் என்கிற நினைவைத்தான் அல்சைமர் என்னும் மறதி நோய் முதலில் தின்கிறது. கை பழகிய பழக்கம் மூளையில் வேறு பகுதிகளைச் சார்ந்து இருப்பதால் பல காலம் தாக்குப்பிடிக்கிறது. முதியவர்கள் பழைய கதையையே பேசுவதை ஒரு காலத்தில் மருத்துவர்களும் மூளை தேய்வதன் அடையாளமாகவே பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர்தான் 1963-இல், அது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பான மனவேலை என்று எழுதினார். பழைய நினைவுகளைப் பேசவைக்கும் நினைவுமீட்டல் சிகிச்சை அந்தப் பாதையில் வளர்ந்தது. இதனால் நோய் குணமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சிகிச்சை பற்றிய 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2018-இல் வந்தது; பலன் சிறியதுதான், எல்லா இடத்திலும் ஒன்றுபோலவும் இல்லை என்கிறது. இருக்கட்டும். அம்மாவின் விரல்கள் நேரியதை விட்டுவிட்டன. எனக்கு அது சிறிய பலன் இல்லை.

அடுத்த வாரம் சுளகு (முறம்) கொண்டுபோனேன். கடையில் வாங்கும், இயந்திரத்தில் சுத்தம் செய்த சார்டெக்ஸ் அரிசியில் பொறுக்குவதற்குக் கல்லும் இல்லை, நெல்லும் இல்லை. புடைத்துப் பார்த்துவிட்டு அம்மா கீழே வைத்துவிட்டார். தெரிந்தவர் வீட்டிலிருந்து நெல்லும் உமியும் கலந்த சம்பா அரிசி வாங்கிவந்த பிறகுதான் அவருடைய மணிக்கட்டு விழித்துக்கொண்டது. அந்த அரிசிதான் அன்று இரவு எல்லோருக்கும் கஞ்சி. இது முக்கியம். சில இடங்களில் பெரியவர்கள் மடித்த துண்டுகளைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கலைத்து மறுபடியும் அவர்கள் முன்னாலேயே போடுகிறார்கள். ஒரு பாட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு துண்டைத் தொடவே இல்லை. மறதி வந்தவரை ஏமாற்றலாம் என்று யார் சொன்னது?

அரிசி புடைக்கும்போது அம்மா ஒரு பிடியை மடியில் முடிந்துகொள்வார். இல்லத்தில் அதைத் திருட்டுப் புத்தி என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு பதைத்தது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, எங்கள் ஊர் அப்போது இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் பட்டினியில் வாடியது. மரச்சீனி தின்று உயிர் பிழைத்த தலைமுறை அது. அம்மாவுக்கு அப்போது நாலைந்து வயது. அந்த முடிச்சை அவிழ்க்காதீர்கள், தூங்கின பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பழைய வேலை பழைய சந்தோஷத்தை மட்டும் கொண்டுவராது, பழைய பசியையும் கொண்டுவரும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பேச்சு. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அம்மா படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில். இப்போது பாதிப் பேச்சு மலையாளத்தில்தான் வருகிறது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருவர் குறிப்பேட்டில் "உளறுகிறார்" என்று எழுதியிருந்தார். ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண், அரிசி அளக்கும் பித்தளை நாழியைப் பார்த்துவிட்டு, "அம்மச்சி, இது என்னது?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "நாலு நாழி ஒரு இடங்ஙழி, பத்து இடங்ஙழி ஒரு பற" என்று அம்மா அளந்து காட்டினார். "நான் யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று நாங்கள் வாராவாரம் பரீட்சை வைத்தபோதெல்லாம் தலைகுனிந்தவர் அவர். அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன்.

ஆண்களை மறந்துவிடுகிறார்கள். அங்கே ரப்பர் பால் வெட்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்று வாழ்நாள் முழுக்க இருட்டிலேயே எழுந்தவர். இப்போதும் எழுகிறார். தூக்க மாத்திரைக்குப் பதிலாக யாராவது துணைக்கு நின்று, முற்றம் பெருக்க ஒரு வாரியலை (துடைப்பத்தை) கொடுத்துப் பார்க்கலாம்.

தடையும் வந்தது. வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசிய ஒரு மகன், தன் தாயின் கையில் சுளகைப் பார்த்துவிட்டு, "காசும் வாங்கிக்கிட்டு வேலையும் வாங்குறீங்களா?" என்று சத்தம் போட்டார். இல்லத்துக்காரர்கள் பயந்துபோய் இரண்டு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அந்த மகனின் பயம் எனக்குப் புரிகிறது. வேலைக்கு ஆள் குறைத்துவிட்டுப் பெரியவர்களிடம் வேலை வாங்கினால் அது அநியாயம்தான். வேண்டாம் என்றால் அந்த நிமிடமே விட வேண்டும். அடுப்பு, கத்தி பக்கம் விடக்கூடாது. எத்தனை கிழங்கு உரிந்தது என்ற கணக்கே இருக்கக்கூடாது. நான் போய் இதையெல்லாம் பேசித்தான் மறுபடியும் தொடங்கினோம். அந்த மகனின் தாய் அந்த இரண்டு மாதத்தில் சுளகு பிடிக்கும் பிடியை விட்டிருந்தார். எங்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் சுளகு, நாழி, உழக்கு, சின்ன உரல், ஓலைப்பெட்டி ஏதாவது கிடக்கும். பழைய பாத்திரக்காரரிடம் போடுவதற்கு முன்னால் பக்கத்து முதியோர் இல்லத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுக்கும்போது அதை யார், எப்படிப் பிடித்து வேலை செய்தார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்.