வெள்ளம் பட்ட கார், புத்தகத்தில் இல்லாத கதை

ஆசிரியருக்கு,

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி ஆறு பெருகியபோது கொழும்பு, கம்பஹா பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அதெல்லாம் இரும்புக் கடைக்கா போயிருக்கும்?

அண்மையில் மருமகனுக்காகச் சுன்னாகம் பக்கம் ஒரு பாவித்த ரொயோட்டா அக்வா கார் பார்க்கப் போனேன். புது சீற் கவர், உள்ளே மூச்சு முட்டுகிற அளவுக்கு வாசனைத் திரவம், விலையும் மற்ற இடங்களை விடக் குறைவு. சீற் பெல்ற்றை முழுதாக இழுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் ஒரு சாணுக்குச் சேற்று நிறம். "அது சும்மா ஊத்தை அண்ணை" என்றார் விற்றவர். கார்ப்பெற்றைத் தூக்கவும் விடவில்லை, வந்துவிட்டோம்.

அக்வாவின் ஹைபிரிட் பற்றறி பின் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது, வாகன் ஆர் ஹைபிரிட்டில் முன் இடப்பக்கச் சீற்றுக்குக் கீழே, ஆகவே பற்றறி நனையத் தண்ணீர் சீற் வரைக்கும் ஏறினாலே போதும். உடனே பழுதாகவேண்டும் என்றில்லை, வயர் முனைகள் பச்சை பிடித்துச் சில மாதம் கழித்து வேலையைக் காட்டும், அந்த நேரம் விற்றவர் போன் எடுக்கமாட்டார். ஸ்பெயார் டயர் வைக்கும் குழியையும், சீற்றைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ற்களையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடங்களைக் கழுவ ஒருவரும் மினக்கெடுவதில்லை.

இதைவிட எனக்குப் பயம் ஓப்பின் பேப்பர்தான், அதாவது பெயர் மாற்றாமலே வாகனம் கைமாறுவது. பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயர், காசு வாங்குகிறவர் வேறு ஆள், நடுவில் எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. லீசிங் முடியாத வாகனத்துக்கு நிதி நிறுவனம்தான் முழு உரிமையாளர் என்று பதிவு இருக்கும். பழைய ஆள் தவணை கட்டாவிட்டால், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசில் நீங்கள் முழு விலையும் கொடுத்திருந்தாலும், முற்றத்தில் நிற்கிற காரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அட்வான்ஸ் கொடுக்க முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து உரிமையாளர் விபரம் எடுங்கள், செசி நம்பரை (வாகனத்தின் உடலில் பொறித்திருக்கும் இலக்கம்) காரிலேயே பார்த்து ஒப்பிடுங்கள்.

ஆனால் வெள்ளத்தில் மூழ்கியதா என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது. முழு நட்டம் என்று காப்புறுதி நிறுவனம் காசு கொடுத்து, பிறகு டெண்டரில் விற்கிற ஒவ்வொரு வாகனத்தையும் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும், அதைப் பதிவிலும் புத்தகத்திலும் எழுதவேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்கவேண்டும், அதுவும் அடுத்த மாரிக்கு முன்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.