மாண்ட்கோமரி பேருந்து வழக்குக் கூட்டம்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரியில், நகரப் பேருந்தில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்காரவைத்த சட்டத்தை வீழ்த்திய வழக்கு ‘பிரவுடர் எதிர் கேல்’. அதைப் பற்றி நூலக மாடியில் நாம் நடத்திய கூட்டம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களுக்கும், வர முடியாமல் மிக்சர் மட்டும் கொடுத்தனுப்பியவருக்கும் வாசகர் வட்டத்தின் நன்றி.

முதலில் ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன். மேடையில் பேசச் சொன்னால் நழுவிவிடுவார். ஆனால் பந்தல்காரரிடம் 36 நாற்காலி வாங்கிவந்து, மாண்ட்கோமரி நகரப் பேருந்தையே போட்டுக் காட்டிவிட்டார். முன்னால் 10 வெள்ளையருக்கு, பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் உள்ள 16-க்கு டிரைவர் வைத்ததுதான் சட்டம். நடுவரிசையில் ‘கறுப்பினத்தவர்’ நால்வரை உட்காரவைத்தார். ‘வெள்ளையர்’ ஒருவர் ஏறியதும் நால்வரையும் எழுப்பினார். ஒருத்தர் எழுந்தால் போதாதா என்று பின்னாலிருந்து ஒரு குரல். போதாது, ஒரே வரிசையில் இரு இனத்தவரும் உட்காரக் கூடாது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் எழ மறுத்துக் கைதானதும் இப்படியொரு வரிசையில்தான்.

அப்புறம், தீர்ப்பைப் படித்து விளக்கிய சட்டக் கல்லூரித் தங்கை. பேருந்துச் சட்டத்தை வீழ்த்திய வழக்கில் பார்க்ஸ் மனுதாரரே இல்லை என்பது பலருக்குப் புதுச் செய்தி. அவர் மீதான வழக்கு மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீட்டில் இருந்தது. அதோடு சேர்ந்து பேருந்துச் சட்டப் பிரச்சினையும் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று, 25 வயது வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வேறு பெண்களுக்காக 1956 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அரேலியா பிரவுடர், 70 வயதைத் தாண்டிய சூசி மெக்டொனால்ட், பதின்வயதுப் பெண்கள் கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். கால்வின் கைதானது பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில். ஐந்தாவதாகச் சேர்ந்த பெண் மிரட்டலுக்குப் பின் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வென்றது வழக்கா, கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் ஓராண்டுக்கு மேல் நடத்திய பகிஷ்கரிப்பா என்ற சண்டை டீ ஆறிய பிறகும் ஓயவில்லை. என் ஓட்டு வழக்குக்கே. 1956 நவம்பர் 13 அன்று, பேருந்துச் சட்டம் செல்லாது என்ற கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம், பேருந்தைப் பகிஷ்கரித்த மக்கள் வேலைக்குப் போய்வர வைத்திருந்த கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. தீர்ப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால்? ஆனால் பகிஷ்கரிப்புக் கட்சியினர் இன்னும் மசியவில்லை.

சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன நூலகருக்கும் நன்றி. அடுத்து 1946-இன் ஐரீன் மார்கன் வழக்கு, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்து பற்றியது. தங்கைக்குத் தேர்வு இருப்பதால், தீர்ப்பைப் படித்துச் சொல்ல வேறு ஆள் வேண்டும். முன்வருபவர்கள் நூலகரிடம் பெயர் கொடுங்கள்.