மூட்டம் வேறு, கரியமில வாயு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கரியமில வாயு பெருகுவது பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரி. கூடவே போட்டிருந்த படம்தான் உறுத்தியது: நவம்பர் மூட்டத்தில் பாதி மறைந்து நிற்கும் இந்தியா கேட். இருபது வருடமாக அந்த மூட்டத்தைச் சுவாசித்து இருமிக்கொண்டிருப்பவள் நான். அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

கண்ணை எரிக்கும் அந்தப் புகை பெரும்பாலும் தூசும் கரித்துகளும். நல்ல காற்றோ மழையோ வந்தால் கலைந்துவிடும். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. மேலே போனதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கிவிடும். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்குதான் இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

பஞ்சாப் வயல்களில் அறுவடைக்குப் பிறகு வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "வைக்கோலை யாராவது கொளுத்துவார்களா? மாட்டுக்கு என்ன போடுவார்கள்?" என்று தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் திகைத்துப்போனார். நுரையீரலுக்கு அது விஷம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு, சில மாதம் முன்பு அதே பயிர் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. அடுத்த பயிர் மறுபடி இழுத்துக்கொள்ளும். நிலக்கரி அப்படியா? கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் கிடந்ததைத் தோண்டி எரிக்கிறோம்.

அதை எங்கே எரிக்கிறோம் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. தில்லிக்குள்ளேயே நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த பதர்பூர் அனல் மின் நிலையத்தை 2018-ல் மூடியபோது இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அதற்காக யாரும் ஏசியை அணைத்துவிடவில்லை. 2024 ஜூனில் தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. நமக்காகப் பக்கத்து ஹரியானாவின் ஜஜ்ஜரிலும், தொலைவில் உ.பி.–ம.பி. எல்லையில் உள்ள சிங்கரௌலியிலும் நிலக்கரி எரிகிறது. புகைபோக்கிதான் நம் கண்ணில் படுவதில்லை.

சென்ற ஜூனில் எங்கள் வீட்டில் ஓடியது 600 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, 420 கிலோ. ஒரு சமையல் சிலிண்டர் முழுக்க எரிந்து தீர்ந்தாலே 42 கிலோதான் வரும். எங்களுக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருகிறது. இரண்டு ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரே மாதத்தில் பத்து சிலிண்டரை ஊதித் தள்ளியிருக்கிறோம்!

அடுத்த முறை இந்தியா கேட்டை விட்டுவிட்டு ஒரு மின் பில்லைப் படமாகப் போடுங்கள். வேண்டுமானால் எங்கள் வீட்டு பில்லையே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆர்.கே.புரம், புது தில்லி