எட்டாம் ஃபிரெட்டிலிருந்து மூன்றாம் ஃபிரெட் வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய பதிவை நாலு முறை கேட்டேன். மூன்று முறை ஹெட்போனில். நாலாவது முறை ஸ்பீக்கரில், அம்மாவும் கேட்கட்டும் என்று. "நல்லாத்தானே வாசிச்சிருக்கா, எதுக்கு போன்ல அழுதா?" என்று கேட்டாள். நீ அழுத காரணம் எனக்குப் புரிகிறது. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் அந்த ஜாஸ் ஜாமில் உன் முறை வந்தது. 'ஆட்டம் லீவ்ஸ்' (Autumn Leaves) பாட்டின் நடுப்பகுதியில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனது. பேஸ் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். இதைப் போனில் பேசி முடிக்க முடியாது. விரலைக் கிட்டார் கழுத்தின் எந்த ஃபிரெட்டில், எந்தக் கட்டத்தில், வைப்பது என்பது வரை சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் விரல்களில் குறையே இல்லை. வேகம் இருக்கிறது, ஸ்கேல் சுத்தமாக விழுகிறது. ஆனால் பேஸையும் டிரம்ஸையும் மனதுக்குள் ஒதுக்கிவிட்டு உன் கிட்டாரை மட்டும் கேட்டுப் பார்த்தேன். எந்தக் கார்டு, அதாவது எந்தச் சுரக் கூட்டு, ஓடுகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பி ஃப்ளாட் ஸ்கேலில் இருக்கிறாய் என்பது தெரிகிறது. வீடு தெரிகிறது, எந்த அறையில் நிற்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பதிவில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்.

நானும் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். 1979, ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரம்பூரில் எங்கள் அடுத்த தெருவில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருந்தார். டான்ஸ் கச்சேரிகளுக்கு வருடக்கணக்காகக் கிட்டார் வாசித்தவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஆறு தந்தியையும் ஒரே விரலால் அமுக்கும் பாரே கார்டெல்லாம் எனக்கு வரும் என்ற பெருமையோடு அவரிடம் போனேன். ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "நாலாவது, மூணாவது, இந்த ரெண்டு தந்தி போதும். மத்ததை மறந்துடு" என்றார். மூன்று மாதம் அந்த இரண்டு தந்திதான். எரிச்சலாக இருந்தது. ஆனால் இன்றைக்கு எனக்குத் தெரிந்த ஹார்மனி எல்லாம் அந்த மூன்று மாதத்தில் கிடைத்ததுதான்.

விஷயம் எளிமையானது. ஒரு செவன்த் கார்டில் நாலு சுரம். முதல் சுரத்தை பேஸ்காரர் வாசித்துவிடுவார். ஐந்தாவது பெரும்பாலும் புதிதாக எதையும் சொல்லாது. கார்டு மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாவது சுரம். அடுத்து எங்கே போகத் துடிக்கிறது என்று காட்டிக்கொடுப்பது ஏழாவது. டூ ஃபைவ் ஒன், அதாவது ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் சுரங்களில் நிற்கும் கார்டுகள் வரிசையாக வரும்போது ஒரு கார்டின் ஏழாவது சுரம் அரைப் படி இறங்கி அடுத்த கார்டின் மூன்றாவது ஆகிவிடும். முதல் கார்டின் மூன்றாவதோ, இடம் மாறாமலே அடுத்ததன் ஏழாவது ஆகிவிடும். ஒன்று நகர, ஒன்று நிற்க, மாறி மாறி.

இப்போது கிட்டாரை எடுத்துக்கொள். எடுத்தாயா? ஸி மைனர் செவன்: நாலாவது தந்தியில் எட்டாம் ஃபிரெட், மூன்றாவது தந்தியிலும் எட்டு. எஃப் செவனுக்கு நாலாவது தந்தி மட்டும் ஏழுக்கு இறங்கட்டும், மற்ற விரலை அசைக்காதே. பி ஃப்ளாட் மேஜர் செவன் வரும்போது மூன்றாவது தந்தியும் ஏழுக்கு வரும். ஈ ஃப்ளாட் மேஜர் செவன்: நாலாவது ஐந்துக்கு. ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ்: மூன்றாவதும் ஐந்துக்கு. டி செவன்: நாலாவது நாலுக்கு. கடைசியில் ஜி மைனர், இரண்டும் சேர்ந்து மூன்றாம் ஃபிரெட்டில் வந்து உட்கார்ந்துவிடும். பாட்டின் முதல் எட்டு பார், அதாவது நாலு நாலு தட்டாக எட்டுக் கட்டு, முடிந்தது. எங்கேயும் தாவல் இல்லை. ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஜோசஃப் கோஸ்மா 1945-இல் போட்ட மெட்டு இது. இலை உதிரும் பாட்டுக்கு உள்ளே சுரங்களும் உதிர்ந்துகொண்டே இருப்பதை அன்றைக்கு அங்கிள் வீட்டுத் திண்ணையில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நீ தொலைந்த இடத்துக்கு வருகிறேன். முதல் எட்டு பாரில் மேஜர் முதலில் வரும், மைனர் பின்னால் வரும். அதையே இரண்டு தடவை வாசிப்பதால் காது பழகிவிடும். நடுப்பகுதியில் வரிசை தலைகீழ். நேராக ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவில், அதாவது ஐந்தாம் ஃபிரெட்டில் ஆரம்பிக்கும். நாலு பார் கழித்துத்தான் எட்டுக்கு ஏறி மேஜருக்கு இறங்கும். உன் காது பழக்கத்தில் ஸி மைனரை எதிர்பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தில் தொடங்கி எட்டுக்கு ஏறு, இதை மட்டும் மனதில் வை. கடைசி எட்டு பாரில் ஒரு பாருக்கு இரண்டு கார்டு என்று நெருக்கி வரும் இடம் ஒன்று இருக்கிறது. அது அடுத்த கடிதத்துக்கு.

சோலோவுக்கும் இதே இரண்டு சுரம்தான் முதல். முதல் வாரம் ஒவ்வொரு பாருக்கும் ஒரே ஒரு சுரம் நீளமாக வாசி. வாயாலும் பாடு. பாட வராத சுரத்தை விரலால் வாசிக்காதே, இதில் அங்கிள் பிடிவாதமாக இருந்தார், நானும் அப்படித்தான். அடுத்த வாரம் அந்தச் சுரத்துக்கு வழி போடு. எஃப் செவன் வரும் பாரின் முதல் தட்டில் ஏ சுரம் விழவேண்டும் என்றால், அதற்கு முந்தைய தட்டில் மேலே பி ஃப்ளாட், கீழே ஏ ஃப்ளாட் தொட்டுவிட்டு ஏ-யில் இறங்கு. இரண்டு பக்கமும் தொட்டுவிட்டு நடுவில் வரும்போது அந்தச் சுரத்துக்கு ஒரு நிறைவு கிடைக்கும், கேட்டுப் பார். மோட் (ஸ்கேலை வேறு வேறு சுரத்தில் தொடங்கும் வகை) பெயர்களை எல்லாம் அப்புறம் படிக்கலாம். ஏழு மோட் மனப்பாடமாகத் தெரிந்தும் ஒரு கார்டைக் காதால் அடையாளம் காண முடியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெட்ரோனோமை 60-இல் வை. அந்தத் தட்டு இரண்டும் நாலும் என்று எண்ணிக்கொள். ஒன்றும் மூன்றும் உன் பொறுப்பு. முதல் இரண்டு நாள் வழுக்கும், பரவாயில்லை.

மற்றவர் சோலோ வாசிக்கும்போது நீ குறைவாக வாசிக்க வேண்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு ரெக்கார்டிங்கில் நான் ஆறு தந்தியையும் அள்ளி அள்ளி வாசித்தேன். நடத்தியவர் எல்லார் முன்னாலும் வாசிப்பை நிறுத்தி, "கீழே பேஸ் இருக்கு, மேலே கீபோர்டு இருக்கு. நீங்க ரெண்டு பேர் இடத்தையும் எடுத்துக்கிட்டீங்க" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிட்டார் கலைஞர் ஃப்ரெடி க்ரீன் 1937-இல் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்து 1987-இல் இறக்கும் வரை, அரை நூற்றாண்டு, பெரும்பாலும் ரிதம் மட்டுமே வாசித்தார். பல இடங்களில் அவர் கார்டில் ஒன்றிரண்டு சுரம்தான் காதுக்கு எட்டும். ஆனால் அந்தக் குழுவே அந்தக் கிட்டார் மேல்தான் நடந்தது.

நீ வேலை பார்க்கும் இண்டியானாபோலிஸ் யாருடைய ஊர் என்று உனக்குத் தெரியும். ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மாண்ட்கோமெரி 1923-இல் அங்கேதான் பிறந்தார், 1968-இல் அங்கேதான் இறந்தார். இருபது வயது வாக்கில், இன்னொரு கிட்டார்காரரான சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, சோலோக்களைச் சுரம் சுரமாகக் காதாலேயே பிடித்தார். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. பகலில் வேலை, இரவில் கிளப். பிக்கின் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால் கட்டைவிரலால் வாசிக்கத் தொடங்கினார். அந்தக் கட்டைவிரலின் கதகதப்புதான் அவர் அடையாளமே ஆனது. 1959-இல் உன் ஊருக்கு வந்த சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவரைக் கேட்டு அசந்துபோய், ரெக்கார்டு கம்பெனிக்குச் சொல்லிப் பதிவுசெய்ய வைத்தார். அதே ஆடர்லி 1958-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு சேர்ந்து பதிவுசெய்த 'ஆட்டம் லீவ்ஸ்' இருக்கிறது, அதுவும் ஜி மைனரில்தான். மைல்ஸ் எத்தனை சுரத்தை வாசிக்காமல் விடுகிறார் என்று கவனி. கவனித்துவிட்டு உன் பதிவை மறுபடி கேள்.

பழைய மூர் மார்க்கெட்டில், அது எரிந்துபோவதற்கு முன்னால், வெஸ்ஸின் எல்.பி. ஒன்று வாங்கினேன். அங்கிள் வீட்டு பிளேயரில் 33-க்குப் பதில் 16-இல் ஓட்டுவோம். வேகம் பாதியாகும், சுருதி ஒரு ஆக்டேவ் இறங்கும், ஆனால் சுரம் அதே சுரம். நாலு பார் பிடிக்க ஒரு சாயங்காலம் போகும். உனக்கு போனிலேயே வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. ஒரு சோலோ, முழுதாக வேண்டாம், எட்டு பார் போதும், காதால் பிடி. எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்காதே.

ஆபீஸ் முடிந்து வந்து ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும் என்றாய். தாராளம். இந்த மாதம் முழுக்க இந்த ஒரு பாட்டு மட்டும். அடுத்த ஜாமுக்கும் போ, கட்டாயம் போ. தொலைந்தால் கையை எடுத்துவிட்டு பேஸைக் கேள். ஸி மைனர் திரும்பி வரும், எட்டாம் ஃபிரெட்டில் ஏறிக்கொள்.

பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த வாரம் சிகாகோ வருகிறான். அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்து விடுகிறாள். நான் அந்த எல்.பி.யைக் கொடுத்து விடுகிறேன். அட்டையின் ஒரு மூலை செல்லரித்திருக்கிறது, தட்டில் கீறல் இல்லை. வந்து சேர்ந்ததும் சொல். அதற்குள் அந்த இரண்டு தந்தியை மட்டும், பேஸ் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல், முப்பத்திரண்டு பாரும் மெதுவாக வாசித்து அனுப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு கார்டு பெயரைச் சொல்லிக்கொண்டே கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா