பழைய யூனிக்ஸ் கணினிகளைப் பாதுகாப்போருக்கு: சீரியல் வழி என்எஃப்எஸ் பற்றி ஒரு திறந்த மடல்

கணினி அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கும் பழைய கணினிகளை மீட்டெடுக்கும் ஆர்வலர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நெட்வொர்க் அட்டை இல்லாத, ஃபிளாப்பி டிரைவும் செத்துப்போன 386 மடிக்கணினி. ஈதர்நெட்டில் இணைக்கத் தேவையான ஏயுஐ டிரான்சீவர் கிடைக்காத சன் பணிநிலையம். இப்படிப்பட்ட கணினிகளிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்க மிஞ்சியிருக்கும் ஒரே வாசல் பல நேரம் சீரியல் போர்ட்தான். அதற்குக் கைமாறிக் கைமாறி வரும் செய்முறை இதுதான்: ஸ்லிப் (சீரியல் லைனில் ஐபி பாக்கெட்டுகளை அனுப்பும் எளிய முறை) வழியாக இணை, என்எஃப்எஸ் (வேறொரு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியாகத் தன்னுடையவை போலக் காட்டும் முறை) மவுன்ட் செய், பதில் வராதபோது தொங்கிப்போகாமல் இருக்க 'சாஃப்ட்' தேர்வைக் கொடு, நகலெடு. இந்தச் செய்முறையை உங்கள் குறிப்பேடுகளிலிருந்து நீக்கக் கோரியே இதை எழுதுகிறோம். வந்துசேரும் கோப்பின் அளவு சரியாக இருக்கும், உள்ளே சில பைட்டுகள் மாறியிருக்கும். மூலத்தட்டு அதற்குள் உயிரை விட்டிருந்தால் பிறகு யாராலும் திருத்த முடியாது.

காரணம் ஸ்லிப்பிலேயே இருக்கிறது. 1988-இல் ஆர்எஃப்சி 1055 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விவரித்த ஸ்லிப்பில் பிழை கண்டறியும் வசதி எதுவும் கிடையாது. பாக்கெட்டின் முடிவை 192 என்ற பைட்டால் குறிக்கும், அவ்வளவுதான். வழியில் ஒரு பிட் புரண்டால் அதைப் பிடிக்க வேண்டியது மேலே உள்ள யுடிபி செக்சம், அதாவது என்எஃப்எஸ்ஸைச் சுமக்கும் யுடிபி நெறிமுறையின் சோதனைத் தொகை. ஆனால் சன்ஓஎஸ் 4.1 வரிசையில் அந்தச் செக்சம் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். ஈதர்நெட்டுக்குச் சொந்தமாகச் சிஆர்சி என்ற பிழைச் சோதனை இருப்பதால் வேகத்துக்காக அப்படி விட்டார்கள். ஈதர்நெட்டை எடுத்துவிட்டு ஸ்லிப்பை வைத்தால் தரவைக் காக்க ஒன்றுமே இல்லை. உங்கள் கணினியில் நிலைமை என்ன என்று பார்க்க, புதிய கணினியில், லைனில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை விரிவான வெளியீட்டுடன் ஓட்டுங்கள். யுடிபி வரிகளில் 'நோ சிகேசம்' என்று வந்தால் செக்சம் இல்லை என்று பொருள்.

ஆகவே முதல் மாற்றம்: இரு பக்கமும் பிபிபி (ஸ்லிப்புக்குப் பின் வந்த சீரியல் இணைப்பு முறை) கிடைக்குமானால் அதையே பயன்படுத்துங்கள். அதன் ஒவ்வொரு ஃபிரேமிலும் 16 பிட் சோதனைத் தொகை உண்டு, கெட்ட ஃபிரேம் வாசலிலேயே விழுந்துவிடும். ஸ்லிப்பைத் தவிர வழியில்லை என்றால், அனுப்பும் கணினியில் யுடிபி செக்சத்தை இயக்காமல் ஒரு கோப்பையும் எடுக்காதீர்கள். தலைப்பைச் சுருக்கும் சிஸ்லிப் வகையைப் போட்டால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அது பயன்படுத்தும் வான் ஜேக்கப்சன் முறை சுருக்குவது டிசிபி தலைப்பை மட்டுமே. பழைய என்எஃப்எஸ் ஓடுவதோ யுடிபியில்.

அடுத்தது வாசிப்பு அளவு. இதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பில் ஒரே வேண்டுகோளில் 8192 பைட் வரை கேட்கலாம், பல கிளையன்டுகள் அதையே கேட்கும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 296 என்று வைத்த இணைப்பில் அந்தப் பதில் 31 துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டு தொலைந்தாலும் முப்பத்தொன்றும் வீண். 9600 பாடில், பைட்டுக்கு 10 பிட் என்ற கணக்கில், நொடிக்கு 960 பைட்தான் போகும், ஆக ஒரு பதிலுக்கு 9 வினாடிக்கு மேல் ஆகும். பழைய லினக்ஸ் கிளையன்ட் 0.7 வினாடி பொறுத்து, பிறகு காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். முதல் பதில் முழுதாக வருமுன் அதே கேள்வியை அது 0.7, 2.1, 4.9 ஆகிய வினாடிகளில் திரும்பவும் அனுப்பியிருக்கும். சர்வர் நான்குக்கும் விடை சொல்ல, லைன் முழுக்கத் தேவையற்ற பதில்களால் நிரம்பும். 2400 பாடில் இன்னும் மோசம்: 31 துண்டும் வந்துசேர 37 வினாடி பிடிக்கும், லினக்ஸோ துண்டுகளை ஒட்ட 30 வினாடிதான் காத்திருக்கும். அந்த வாசிப்பு எத்தனை முறை முயன்றாலும் முடியாது. 'சர்வர் பதிலளிக்கவில்லை' என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கேபிளைக் குறை சொல்வது வழக்கம். நெட்ஸ்டாட் புள்ளிவிவரத்தில் நேரம் கடந்து கைவிடப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

தீர்வு எளிது: பிபிபியில் எம்டியு 1500, ஆர்சைஸ் (ஒரே வேண்டுகோளில் படிக்கும் அளவு) 1024. பதில் ஏறத்தாழ 1150 பைட், ஒரே பாக்கெட்டில் அடங்கும். துண்டாடலே இல்லை. ஸ்லிப்பில் எம்டியு 1006 என்றால் ஆர்சைஸ் 512. எம்டியு 296 என்பது அதே லைனில் டெல்நெட்டில் தட்டச்சு செய்பவருக்காகச் சொல்லப்பட்ட எண். கோப்பு மட்டும் போகும் லைனுக்கு அது பொருந்தாது. டைமியோ (மறுபடி கேட்கும் முன் காத்திருக்கும் நேரம்) 100, அதாவது 10 வினாடி. மவுன்ட் 'ஹார்ட்' (பதில் வரும்வரை விடாமல் முயலும்), பழைய கெர்னலானால் கூடவே 'இன்டர்' (இடையில் நிறுத்த விடும்). 'சாஃப்ட்' மவுன்டில் மறுமுயற்சிகள் தீர்ந்ததும் உள்ளீட்டுப் பிழை திரும்பும். அதைக் கவனிக்காத நிரல் பாதிக் கோப்பை முழுக்கோப்பாக வைத்துவிட்டுப் போய்விடும்.

பழைய கணினியே சர்வராக இருக்கட்டும், படிக்க மட்டும் என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எதிர்முனையின் பெயரை அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள், இல்லையேல் பெயர் தேடியே மவுன்ட் நின்றுபோகும். புதிய கணினியில் 'கேட்ட பதிப்போ நெறிமுறையோ ஆதரிக்கப்படவில்லை' என்று வந்தால் கேபிளில் தவறில்லை. 2020-க்குப் பிந்தைய லினக்ஸ் கெர்னல்கள் பலவற்றில் யுடிபி வழி என்எஃப்எஸ் அணைக்கப்பட்டே வருகிறது. கெர்னலை மறுபடி தொகுக்கலாம். இடையில் நெட்பிஎஸ்டி இயங்குதளம் ஓடும் ஒரு கணினியை வைப்பது அதைவிடக் குறைந்த வேலை.

9 ஊசிக் கேபிளில் 2, 3 என்ற ஊசிகள் மட்டுமல்ல, 7, 8-உம் குறுக்காகப் போக வேண்டும், அப்போதுதான் ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற போக்குக் கட்டுப்பாடு வேலை செய்யும். அதையே பைட்டுகளை அனுப்பிச் செய்யும் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் வேண்டாம்: 17, 19 என்ற பைட்டுகள் தரவிலேயே வரும், ஸ்லிப் அவற்றை மறைக்காது. 16450 என்ற சீரியல் போர்ட் சிப்பில் ஒரே பைட்டுக்குத்தான் இடம், 16550ஏ சிப்பில் 16. 115200-இல் 87 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வரும். வட்டு வாசிக்கும்போது இன்டரப்ட் தடைபட்டால் 16450-இல் வந்த பைட் தொலையும். லினக்ஸில் சீரியல் டிரைவரின் நிலைக் கோப்பில் 'ஓஇ' (இப்படித் தொலைந்தவற்றின்) எண்ணிக்கை ஏறும். வட்டு அமைப்புகளை மாற்றும் கருவியான எச்டிபார்மில் இன்டரப்ட் தடையை நீக்கும் தேர்வு இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுண்டு. சிஎம்டி640, ஆர்இசட்1000 போன்ற வட்டுக் கட்டுப்படுத்திகளில் அது வட்டில் உள்ள தரவையே கெடுக்கக்கூடும். மீட்க வந்த வட்டில் அந்தச் சோதனை கூடாது. வேகத்தை 38400-க்கு இறக்குங்கள், 40 மெகாபைட் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வந்துவிடும்.

வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளும் வேண்டுமென்றால் என்எஃப்எஸ்ஸை விட்டுவிடுங்கள். டிசிபி வழியாக டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் நிரல்) ஓடையாக அனுப்பினால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே காத்திருப்பே இல்லை. என்எஃப்எஸ்ஸின் பலம் அடைவுகளைப் பார்த்துத் தேவையானதைப் பொறுக்குவதில். அதிலும் விரிவான பட்டியல் கேட்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தனிக் கேள்வி போகும், 9600-இல் ஒன்றுக்குச் சுமார் 0.3 வினாடி, நூறு கோப்புக்கு அரை நிமிடம். வண்ணப் பட்டியலும் அப்படியே. ஆக்டைமியோவை (கோப்பு விவரங்களை நினைவில் வைத்திருக்கும் வினாடிகள்) 600 ஆக்கினால் கேட்டதையே திரும்பக் கேட்பது குறையும்.

சரிபார்ப்புத் தொகையைப் பழைய கணினியின் சொந்தக் கன்சோலில் கணக்கிடுங்கள். மவுன்ட் வழியாகத் திரும்பப் படித்தால் கிளையன்டின் கேஷில் இருப்பதே வரும், லைனில் நேர்ந்த தவறு தெரியாது. 'சம்' கட்டளையில் பிஎஸ்டி, சிஸ்டம் ஃபைவ் என இரு கணக்கு உண்டு. குனு 'சம்' இயல்பாகப் பிஎஸ்டி கணக்கைத் தரும், சிறிய எஸ் தேர்வு கொடுத்தால் மற்றது. எந்தக் கணக்கு, எந்த இணைப்பு, என்ன ஆர்சைஸ் என்பதைச் சேமிக்கும் கோப்புகளின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஸ்லிப் வழியாக ஏற்கெனவே எடுத்துச் சேர்த்த தொகுப்புகளின் மூலத்தட்டு இன்னும் சுழலுமானால், புதியவற்றை எடுக்கும் முன் அவற்றைச் சரிபாருங்கள்.

அன்புடன்,
பழைய யூனிக்ஸ் கணினிகளோடு வேலை செய்வோர் சிலர்