வலி தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்

திருவையாறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பா கதிர் முற்றிவிட்டது, தை பிறந்ததும் அறுப்பு.

தாடைத் தசையின் சோர்வை நீ அளக்க, உன் ஆய்வகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே, அதிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்னத்தை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லும்போது கன்னத்தில் புடைக்கிற மாசெட்டர் தசைமேல் மின்முனைகளை ஒட்டினாய். என் முழுப் பலத்தில் பாதியைத் திரையில் கோடாகக் காட்டி, அதற்குக் கீழே இறங்காமல் கடிக்கச் சொன்னாய். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காதுக்கு முன்னால் சூடு, அப்புறம் கடுப்பு. பலம் தீர்ந்து நான் விடவில்லை அம்மா, வலி தாங்காமல் விட்டேன். உன் தாளில் ‘தாங்கிய நேரம்’ என்று ஒரு கட்டம்தான் இருந்தது. வலி தொடங்கிய நேரத்துக்கு இன்னொரு கட்டம் போடு. இல்லாவிட்டால் சோர்வை அளந்தாயா, பொறுமையை அளந்தாயா என்று கேட்பார்கள்.

ஈ.எம்.ஜி., அதாவது தசையின் மின் அலைகளைப் பதியும் முறை, காட்டுகிற அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அலை என்பது) ஆளின் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்காது. இறுக்கிக் கடிக்கும்போது தசை தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெருக்கிவிடுகிறது. தசை நாரில் மின் அலை ஓடும் வேகம் குறைகிறது. அதனால் கடிக்க ஆரம்பித்ததிலிருந்தே அதிர்வெண் இறங்குகிறது. அதே பலத்தைத் தக்கவைக்க மேலும் நார்கள் சேர்வதால் அலையின் உயரம் கூடுகிறது. சோர்வில் அலை மெதுவாவதை ஜெர்மனியின் உடலியல் அறிஞர் ஹான்ஸ் பைப்பர் 1912இலேயே எழுதிவிட்டார். அந்த இறக்கத்தை நம்பு. உயரத்தை அவ்வளவு நம்பாதே. கன்னத்துக் கொழுப்பும் மின்முனை ஒட்டிய இடமும் அதை மாற்றிவிடும். உன் பாட்டியின் ஒட்டிய கன்னமும் என் கன்னமும் ஒன்றா? அவரவர் முழுப் பலத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. வருபவர்களிடம் வெற்றிலை பாக்கு போடுகிறார்களா என்று கட்டாயம் கேள். நம் பக்கத்தில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை மடித்து, கொட்டைப் பாக்கோடு நாள் முழுக்க அரைக்கிறவர்கள் எத்தனை பேர்! அந்தத் தாடையையும், சோறும் குழம்பும் மட்டும் மெல்லுகிற தாடையையும் ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களைத் தனியாகப் பிரித்து அளந்து பார்.

ஒரு முறை கடித்தபின் ஓய்வை நன்றாகவே கொடு. வரைபடம் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தாலும், எனக்குக் கடுப்பு ராத்திரி சாப்பாடு வரை இருந்தது.

அறுவடை முடிந்தால் இங்கே ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். வெற்றிலை போடுகிற மாமாக்கள் இரண்டு பேர் இப்போதே சரி என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை பேர் வேண்டும், எந்த வாரம் என்று எழுது, நானே கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
அப்பா