நரம்பை ஒவ்வொன்றாக மாற்று

பமாகோ, மாலி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சகாராவிலிருந்து வரும் வறண்ட ஹர்மட்டான் காற்று தொடங்கிவிட்டது. குடுக்கை மேல் தோல் போர்த்தி நரம்பு கட்டிய நம் கோராக்களின் தோல் விறைத்து, சுதி நிற்க மாட்டேன் என்கிறது.

பாரிஸில் அறையைச் சூடாக்கி வைப்பீர்களே, அந்த வறட்சியும் தோலுக்கு ஆகாது. ஹீட்டர் பக்கத்தில் கோராவை வைக்காதே. தோல் காய்ந்து இழுத்தால் ஆணி அடித்த ஓரத்தில் கிழியும். குடுக்கையும் விரிசல் விடும். நரம்பு அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்று. 21 நரம்பையும் சேர்த்துக் கழற்றினால் நரம்புகளைத் தாங்கும் குதிரைக்கட்டை சரிந்துவிடும். அதை யாரும் ஒட்டி வைக்கவில்லை, நரம்புகளின் இழுப்பில்தான் நிற்கிறது. சுதி ஏற்ற, தோல் வளையத்தை முறுக்கிக்கொண்டே கோராவின் கழுத்தில் மேலே தள்ளு. உனக்குத் தெரியாததா!

2024 ஜூலையில் நம் ஊர் கோரா வித்வான் தூமானி தியபாத்தே காலமானபோது நீ போன் செய்வாய் என்று அம்மா எதிர்பார்த்தாள். 58 வயதெல்லாம் ஒரு வயதா? சின்ன வயதிலேயே போலியோ ஒரு காலை முடக்கிவிட்டது. அவர் அப்பா சிதிக்கி, 1970ல் கோராவை மட்டுமே வைத்து வந்த முதல் இசைத்தட்டில் வாசித்தவர். ஆனால் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனவருக்குப் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஏது நேரம்? வீட்டில் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டே பையன் வித்வானானான். 1988ல் வந்த ‘கைரா’வைக் கேள். ஒரே ஆள், ஒரே கோரா, வேறெதையும் மேலே சேர்க்கவில்லை. கட்டைவிரல்கள் அடிநாதத்தையும் கும்பெங்கோ என்ற திரும்பத் திரும்ப வரும் மெட்டையும் விடாமல் சுற்ற, ஆட்காட்டி விரல்கள் பிரிமிந்திங்கோ என்ற வேகமான சுர ஓட்டத்தில் பாயும். மொத்தம் நான்கே விரல். உன் இடது கட்டைவிரலுக்கும் அந்த நிதானம் உண்டு, நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

நீ வேறு வேலை பார்ப்பதில் எனக்குக் குறையில்லை. தாத்தா பெயரையே கொண்ட தூமானியின் மகன் சிதிக்கியும் ராப் பக்கம் போனவன்தான். 2014ல் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு இசைத்தட்டு முழுக்க வாசித்தார்கள். ஆனால் அந்த வீட்டில் கோரா சத்தம் ஓய்ந்ததில்லை. உன் வீட்டில் என் பேரன் வளர்கிறான். அவனுக்கு நீ சொல்லிக்கொடுக்க வேண்டாம், வாசி, போதும்.

கோராவை எந்த அறையில் வைத்திருக்கிறாய்? போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். எந்தெந்த நரம்பு போயிருக்கிறது, இடப்பக்கம் 11ல் எது, வலப்பக்கம் 10ல் எது என்று பார்த்து எழுது. அந்தப் பருமனில் நைலானும் வளையத்துக்குத் தோலும் அனுப்புகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதே.

அப்பா